கம்பளி போட்ட கோடு

நியூசிலாந்தில் மாகாணம் என்று சட்டப்படி எதுவும் கிடையாது. 1876 நவம்பர் 1ஆம் தேதியோடு மாகாண ஆட்சி ஒழிந்தது. சபைகள் கலைந்தன, அதிகாரம் முழுக்க வெலிங்டனுக்குப் போனது. ஆனாலும் அந்நாட்டுக்காரர் ஒருவரிடம் எந்த மாகாணம் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வார். அந்தப் பதிலை நூறு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தவை இரண்டு: மாகாணம் பிறந்த நாளுக்கு விடும் விடுமுறை ஒன்று, ரக்பி மற்றொன்று. விடுமுறை ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். ரக்பி குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தது.

நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. பரோடா, சௌராஷ்டிரா என்று எந்த மாநிலமும் இன்று இல்லை. ரஞ்சிக் கோப்பையில் மட்டும் இருக்கின்றன. அரசாங்கம் அழித்த எல்லைகளை விளையாட்டுச் சங்கங்கள் அழிப்பதில்லை, அழிக்க வேண்டிய தேவை வரும்வரை. நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வடக்கு முனையில், அந்தத் தேவை ஓர் எல்லைக்கு 2005இல் வந்தது. மார்ல்பரோ ரக்பி சங்கம் 1888இல் தொடங்கியது. பக்கத்து நெல்சன் பேஸ் சங்கத்தோடு சேர்ந்து, 2006இல் டாஸ்மன் என்ற புதிய பெயருக்குள் கரைந்தது. மார்ல்பரோ மாகாணம் உயிரோடு இருந்தது 17 ஆண்டு. அதன் பெயரில் இயங்கிய ரக்பி சங்கம் இருந்தது 117 ஆண்டு.

இந்தச் சங்கத்தின் கதையை 1888இல் தொடங்கினால் பாதிதான் விளங்கும். அதற்கும் முன்னால் ஆட்டு ரோமத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நெல்சன் நகரத்தை 1842இல் நியூசிலாந்து கம்பெனி நிறுவியது. லண்டனில் உட்கார்ந்து நிலத்தை விற்றுவிட்டு, வாங்கியவர்களைக் கப்பலேற்றி அனுப்பிய கம்பெனி அது. வந்து இறங்கியபின் பார்த்தால், விற்ற அளவுக்கு உழக்கூடிய நிலம் அங்கே இல்லை. மலைக்கு அப்பால் கிழக்கே வைராவ் சமவெளி இருந்தது. அது விற்கப்படவில்லை என்று மாவோரித் தலைவர்கள் தெ ரௌபராஹாவும் தெ ரங்கிஹாயெட்டாவும் சொன்னார்கள். கேட்காமல் அளவுக் கோல்களோடு குடியேறிகள் போனார்கள். 1843 ஜூன் 17 அன்று நடந்த மோதலில் குடியேறிகள் 22 பேரும் மாவோரிகளில் குறைந்தது 4 பேரும் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருத்தி ரங்கிஹாயெட்டாவின் மனைவி தெ ரோங்கோ. அந்தப் பக்கத்து மண்ணில் வெள்ளையர் கோடு போடப் போன முதல் முயற்சி இப்படி முடிந்தது.

1847இல் அரசு நிலத்தை வாங்கிக்கொண்டது. ஆடுகள் வந்தன. வைராவ், அவாடெரே பள்ளத்தாக்குகளில் பெரிய பெரிய மேய்ச்சல் நிலங்களைப் பிடித்தவர்களுக்கு ஒரே மனக்குறை: இங்கே நிலம் விற்று வரும் பணம் மலை தாண்டி நெல்சனுக்குப் போகிறது, அங்கே சாலையும் பாலமுமாக மாறுகிறது, இங்கே ஒன்றும் வருவதில்லை. குறை நியாயமானதுதான். ஆனால் குறைப்பட்டவர்கள் ஏழைகள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1858இல் புதிய மாகாணங்கள் சட்டம் வந்ததும் அவர்கள் மனு போட்டார்கள். 1859 நவம்பர் 1 அன்று மார்ல்பரோ தனி மாகாணமானது. பிறந்த உடனே தலைநகர் எது என்று சண்டை. முதலில் பிளெனிம், 1861இல் துறைமுக ஊரான பிக்டன், 1865இல் மறுபடியும் பிளெனிம். இந்தச் சண்டைக்கே ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இந்த எல்லைக் கோட்டைப் போட்டது கம்பளி. ஆனாலும் அது நிலைத்ததற்கு மலையும் ஒரு காரணம். நெல்சனிலிருந்து பிளெனிம் போக இன்று சாலை வழியே 115 கிலோமீட்டர் அளவுதான். நெல்சனை விட்டு வெளியேறியதும் ஃபாங்கமோவா மலை தொடங்கும். வளைவுக்கு மேல் வளைவு; குளிர்கால மழையில் முன்னால் போகும் மரம் ஏற்றிய லாரி தெளிக்கும் நீர்தான் கண்ணாடி முழுக்க. அதைக் கடந்தால் ராய் பள்ளத்தாக்கு, பெலோரஸ் ஆற்றுப் பாலம், சிப்பிக்குப் பேர்போன ஹேவ்லாக், பிறகு ரென்விக், அதன்பின் திடீரென்று கோடு பிடித்தாற்போல் தட்டையான வைராவ் சமவெளி. ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். குதிரையிலும் படகிலும் போன காலத்தில் அது வேறு நாடு.

ரயிலாவது இணைத்திருக்கலாம். பிளெனிமுக்குக் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ரயில் 1945இல் வந்து சேர்ந்தது. நெல்சனுக்கு இருந்த ஒற்றைப் பாதை எதோடும் இணையாமலே காட்டுக்குள் போய் நின்றுவிட்டது. 1955இல் அதைப் பிடுங்கியபோது கிவி என்ற சிறு நிலையத்தில் பெண்கள் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். சோன்யா டேவிஸ் உள்ளிட்டவர்கள் கைதானார்கள். அதன்பிறகு அரசாங்கம் செய்த காரியம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை. நெல்சனுக்கும் பிளெனிமுக்கும் நடுவில் ஒரு ரயில்பாதை இருப்பதாகப் பாவித்துக்கொண்டு, லாரியில் போகும் சரக்குக்கு ரயில் கட்டணம் மட்டும் வசூலித்து, மிச்சத்தை மானியமாகக் கொடுத்தது. அதற்குப் பெயரே ‘கற்பனை ரயில்’. இரண்டு ஊர்களும் ஒன்று என்று சொல்ல அரசாங்கத்துக்கு ஆசை இருந்தது, தண்டவாளம்தான் இல்லை.

ரக்பி இந்த நாட்டுக்குள் நுழைந்தது நெல்சன் வழியாக. நாடாளுமன்றத்தின் சபாநாயகராக இருந்த சர் டேவிட் மன்றோவின் மகன் சார்லஸ் மன்றோ இங்கிலாந்தில் ஃபிஞ்ச்லியில் இருந்த கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்துவிட்டு அந்த ஆட்டத்தோடு திரும்பினார். 1870 மே 14 அன்று நெல்சன் பொட்டானிக்ஸ் மைதானத்தில் நெல்சன் கல்லூரியும் நகரக் கிளப்பும் மோதின. பக்கத்துக்கு 18 பேர். நகரக் கிளப் 2-0 என்று வென்றது. நியூசிலாந்தின் முதல் ரக்பி ஆட்டம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது இதைத்தான். இதில் எனக்குப் பிடித்த ஒரு துணுக்கு: மன்றோ குடும்பத்துக்கு நெல்சன் பக்கம் வீடு, மலைக்கு அந்தப்பக்கம் வைராவ் பள்ளத்தாக்கில் ஆட்டுப் பண்ணை. கோட்டின் இரு புறமும் கால் வைத்த குடும்பம்தான் ஆட்டத்தைக் கொண்டுவந்தது.

நெல்சன் ரக்பி சங்கம் 1885இல் உருவானது. மூன்று ஆண்டு கழித்து மார்ல்பரோ. அப்போது மாகாணம் என்ற ஒன்று ஒழிந்து 12 ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் தனிச் சங்கம் வைக்கும்போது எந்த எல்லையைக் கொள்வது என்ற கேள்வியே எழவில்லை. பழைய எல்லை தயாராகக் கிடந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். 1892இல் தேசிய ரக்பிச் சங்கம் வெலிங்டனில் கூடி உருவானபோது, தெற்குத் தீவின் பெரியண்ணன்களான கான்டர்பரி, ஒட்டாகோ, சவுத்லேண்ட் மூன்றும் வடக்குத் தீவுக்காரர்களின் கீழ் வரமாட்டோம் என்று விலகி நின்றன. நெல்சனும் மார்ல்பரோவும் முதல் நாளே உள்ளே போயின. சிறிய சங்கத்துக்கு விலகி நிற்கும் வசதி கிடையாது. இந்தக் கதையில் அது மறுபடியும் வரும்.

அமெச்சூர் காலத்தில் ‘மாகாணச் சங்கம்’ என்றால் என்ன என்பதை இன்றைய அணி, ஸ்பான்சர், ஏலம் என்ற பழக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். சங்கம் என்பது ஓர் அணி அல்ல. பிக்டனில் வைடோஹி, செடனில் அவாடெரே, இன்னும் ரென்விக், சென்ட்ரல் என்று ஊர் ஊராக இருக்கும் கிளப்களின் கூட்டு அது. எந்தச் சனிக்கிழமை எந்த மைதானத்தில் யார் ஆடுவது, நடுவர் யார், குத்திச் சண்டை போட்டவனை எத்தனை வாரம் வெளியே உட்கார வைப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி எப்போது, இதையெல்லாம் சம்பளமில்லாத ஒரு குழு வேலை முடிந்து வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானிக்கும். பருவத்தின் நடுவில் அந்தக் கிளப்களிலிருந்து 15 பேரைப் பொறுக்கி எடுத்து மாகாணத்தின் பெயரில் ஆட அனுப்பும். அப்படி ஆடப் போகிறவன் திங்கட்கிழமை மறுபடியும் ஆட்டு ரோமம் கத்தரிக்கவோ, பிக்டன் இறைச்சித் தொழிற்சாலைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுவான். சங்கத்தின் வருமானம் வாசலில் விற்கும் டிக்கெட்டு. செலவு பேருந்து, ஜெர்சி, ஆட்டம் முடிந்ததும் விருந்தாளி அணிக்குச் சாப்பாடு. வரவும் செலவும் சிறிதாக இருந்தவரை சிறிய சங்கமும் பெரிய சங்கமும் ஒரே இனம்.

இந்த உலகத்துக்குத் தோதான பரிசு ஒன்றும் இருந்தது. பிரதமர் ரிச்சர்ட் செடன் 1906இல் பதவியிலிருந்தபடியே இறந்தார். அதே ஆண்டு அவர் பெயரில் ஒரு கேடயம் வந்தது. தெற்குத் தீவின் வடக்கு, மேற்குக் கரைச் சிறு சங்கங்கள் மட்டும் மோதிக்கொள்ளும் கேடயம்: நெல்சன், மார்ல்பரோ, புல்லர், வெஸ்ட் கோஸ்ட். தேசியப் பத்திரிகைகளுக்கு அது பெட்டிச் செய்தி. அந்த நான்கு பகுதிகளிலும் அது ஆண்டின் மையம். சுரங்கத் தொழிலாளிகள் ஒரு பக்கம், ஆட்டுப் பண்ணைக்காரர்கள் ஒரு பக்கம், ஆப்பிள், புகையிலை பயிரிட்டவர்கள் ஒரு பக்கம் என்று தொழில் வாரியாகவே அணி பிரிந்திருந்தது.

ஆனால் வெளிநாட்டு அணி வந்தால் கதை வேறு. தனித்தனியாக நின்றால் அடி தாங்காது என்பதால் எல்லாரையும் சேர்த்து ஒரே அணியாக நிறுத்துவார்கள். 1950இல் பிரிட்டிஷ் லயன்ஸ் நியூசிலாந்துப் பயணத்தை நெல்சனில்தான் தொடங்கினார்கள். எதிரணியின் பெயர்: நெல்சன்-மார்ல்பரோ-கோல்டன் பே-மோட்டுவேகா. மோட்டுவேகா பக்கத்துக்கு 1920 முதல் தனிச் சங்கம் இருந்தது; அது தன் பெயரையும் விடவில்லை. வர்ணனையாளர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் லயன்ஸ் ஒரு டிரை போட்டிருப்பார்கள். முடிவு 24-3. கூட்டு அணி ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடும். அடுத்த சனிக்கிழமை அதே ஆட்கள் செடன் கேடயத்துக்காக ஒருவரை ஒருவர் தூக்கி அடிப்பார்கள். 2006இல் நடந்த இணைப்புக்கு இதுதான் ஒத்திகை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலைந்து போகும் உரிமை இருந்ததால்தான் அவர்களால் அவ்வளவு எளிதாகச் சேர முடிந்தது.

மோட்டுவேகா சங்கம் 1960களின் இறுதியில் நெல்சனோடு இணைந்து ‘நெல்சன் பேஸ்’ ஆனது. கோட்டின் அந்தப்பக்கம் ஏற்கனவே சுருங்கத் தொடங்கியிருந்தது.

இந்தப்பக்கம் மார்ல்பரோ தன் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நியூசிலாந்து ரக்பியில் ரான்ஃபர்லி கேடயம் என்று ஒன்று உண்டு. 1900களின் தொடக்கத்தில் ஆளுநராக இருந்த ரான்ஃபர்லி பிரபு கொடுத்தது. கால்பந்துக்காகச் செய்த கேடயம், ரக்பிக்கு வந்தபோது நடுவிலிருந்த உருவத்தைத் திருத்தி அனுப்பினார்கள் என்பது ஊரறிந்த வேடிக்கை. செல்லமாக அதை மரக்கட்டை என்பார்கள். விதி எளிது: கேடயத்தை வைத்திருப்பவன் தன் ஊரில் அதைக் காக்க வேண்டும், சவால் விட்டு வருபவன் வென்றால் எடுத்துக்கொண்டு போகலாம். லீக் புள்ளி, சராசரி எதுவும் கிடையாது. பழைய மல்யுத்தப் பட்டம் மாதிரி. இந்த விதியின் அழகு, அது சிறியவனுக்கு ஒரே ஒரு நல்ல நாள் போதும் என்று சொல்வதுதான். ஐந்து வாரம் தொடர்ந்து ஜெயிக்க ஆள்பலம் வேண்டும். 80 நிமிடம் ஜெயிக்க அவ்வளவு வேண்டாம்.

1973இல் மார்ல்பரோவுக்கு அந்த நாள் வந்தது. கிறைஸ்ட்சர்ச் லங்காஸ்டர் பார்க். எதிரில் கேடயத்தை வைத்திருந்த கான்டர்பரி, அதாவது தெற்குத் தீவின் மிகப் பெரிய சங்கம். ரே சதர்லண்ட் தலைமையில் போன சிவப்பு ஜெர்சிக்காரர்கள் 13-6 என்று வென்றார்கள். அதிர்ஷ்டம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. கேடயத்தை பிளெனிம் கொண்டுபோன பின் ஆறு முறை காத்தார்கள். 1974இல் சவுத் கான்டர்பரி வந்து எடுத்துக்கொண்டு போனது. அதன்பின் மார்ல்பரோ பெயரில் அது திரும்பி வரவே இல்லை. அந்தக் காலத்து மார்ல்பரோவின் பெரிய பெயர் ஆலன் சதர்லண்ட். 1968 முதல் 1976 வரை ஆல் பிளாக்ஸ் என்னும் தேசிய அணிக்கு ஆடிய நெட்டையான எட்டாம் எண் வீரர். சிறகில் ஓடிய பிரையன் ஃபோர்டு 1977இல் தேசிய அணிக்குப் போனார். இருவரும் மார்ல்பரோ ஜெர்சியிலேயே தேசிய அணியை எட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரன் பெரிய ஊருக்குப் போனால்தான் கண்ணில் படுவான் என்ற நிலை அப்போது முழுதாக வரவில்லை.

போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹேவ்லாக் பள்ளியில் படித்த ஒரு பையன் 1887இல் மார்ல்பரோ கல்வி வாரியத்தின் உதவித்தொகை பெற்று நெல்சன் கல்லூரிக்குப் போனான். அங்கே ரக்பியும் ஆடினான். பின்னாளில் அணுவின் உள்ளே பார்த்த எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு. மலை தாண்டிப் போவது அந்த மண்ணின் திறமைசாலிகளுக்குப் பழைய வழக்கம்.

கேடயம் வந்த அதே 1973இல், ஆகஸ்ட் 24 அன்று, பிளெனிமுக்கு வெளியே பிராங்காட் என்ற இடத்தில் ஒரு சின்னச் சடங்கு நடந்தது. மொன்டானா என்ற ஒயின் கம்பெனியின் ஃபிராங்க் யூக்கிச் ஏக்கர் ஏக்கராக ஆட்டு நிலங்களை வாங்கியிருந்தார். குழிக்குள் ராசிக்கு ஒரு வெள்ளிக் காசைப் போட்டு, முதல் திராட்சைக் கொடியை நட்டு, அதன்மேல் நுரைக்கும் ஒயினை ஊற்றினார்கள். ஊர் விவசாயிகள் பலர் சிரித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து சோவிநியோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை வந்தது. இன்று உலகத்தில் ‘மார்ல்பரோ’ என்றால் ரக்பி ஞாபகம் வருபவர்கள் குறைவு. ஒயின் பாட்டில்தான் வரும். கம்பளி போட்ட எல்லையின் பெயரைத் திராட்சை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றப் போனது.

ரக்பியைத் திராட்சை கொன்றது என்று ஒரு பேச்சு உண்டு: பண்ணைகள் போயின, பண்ணைப் பிள்ளைகளும் போனார்கள், கிளப்கள் வற்றின என்று. பாதி உண்மை. ஆடு வளர்க்கும் குடும்பம் தலைமுறையாக ஒரே கிளப்பில் இருக்கும். கொடி கவாத்து செய்ய வரும் ஆள் பருவம் முடிந்தால் போய்விடுவான். பிக்டன் இறைச்சித் தொழிற்சாலையும் 1980களில் மூடப்பட்டது. ஆனால் சங்கம் மறைந்த 2005இல் மார்ல்பரோ வரலாற்றிலேயே மிகப் பணக்கார நிலையில் இருந்தது. ஊர் வளர்ந்தது, சங்கம் செத்தது. எனவே வறுமையைக் காரணம் சொல்ல முடியாது. வேறு எங்கோ தேட வேண்டும்.

அந்த வேறு எங்கோ 1995. ஜூனில் தெற்கு அரைக்கோளத்தின் மூன்று நாட்டுச் சங்கங்களும் ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனோடு பத்து ஆண்டுக்கு 55.5 கோடி அமெரிக்க டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டன. ஆகஸ்டில் சர்வதேச வாரியம் ரக்பியில் சம்பளம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு அந்த மூன்று நாட்டு அணிகளும் மோதும் சூப்பர் 12 போட்டி வந்தது. நியூசிலாந்துக்கு ஐந்து அணி. மார்ல்பரோவும் நெல்சன் பேஸும் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து இயங்கிய குரூசேடர்ஸ் வட்டத்துக்குள் அடங்கின. பிளெனிமில் பிறந்த லியோன் மெக்டொனால்ட் போன்ற பையன் முன்னேற வேண்டுமானால் கிறைஸ்ட்சர்ச்சுக்குத்தான் போக வேண்டும். முன்பு மார்ல்பரோவிலிருந்து தேசிய அணிக்கு ஒரு நேர்ப்பாதை இருந்தது. இப்போது நடுவில் சம்பளம் கொடுக்கும் ஒரு படி முளைத்துவிட்டது.

மாகாண மட்டத்தில் மூன்று பிரிவாகப் போட்டி நடந்தது. நெல்சன் பேஸ் 1992இலும் மார்ல்பரோ 1997இலும் மூன்றாம் பிரிவை வென்றன. மூன்றாம் பிரிவில் முதலிடம் என்பது கேட்க நன்றாக இருக்கும்; அதற்குத் தொலைக்காட்சி வராது. 1973இல் கான்டர்பரியைத் தோற்கடித்த சங்கம் கால் நூற்றாண்டில் வந்து நின்ற இடம் அது. ஆட்டத்தின் தரம் விழுந்ததா என்றால், மேலே இருந்தவர்கள் முழுநேரமாக ஆடத் தொடங்கிவிட்டார்கள், இவர்கள் வேலை முடிந்து வந்து ஆடினார்கள் என்பதே உண்மை.

சேர்ந்தால் தப்பிக்கலாம் என்ற யோசனை இவர்களுக்கு முன்பே வடக்குத் தீவில் ஒரு தடவை அடிபட்டிருந்தது. ஹாக்ஸ் பேயும் மனவட்டுவும் சேர்ந்து 1997இல் சென்ட்ரல் வைக்கிங்ஸ் என்று ஓர் அணியைக் கட்டின. 1998இல் அது இரண்டாம் பிரிவை வென்றது. கடனும் நிர்வாகக் குழப்பமும் சூழ, முதல் பிரிவுக்கு ஏற்றப்படாமலே கலைந்தது. இரு சங்கங்களும் தத்தம் வீட்டுக்குத் திரும்பின. இந்தப் பாடத்தை நெல்சனும் பிளெனிமும் கவனித்திருக்கும் என்று நினைக்கிறேன். வைக்கிங்ஸ் அணியை மட்டும் சேர்த்தது, சங்கங்களைச் சேர்க்கவில்லை. பழைய கூட்டு அணிகளைப் போல, கலைந்து போகும் வாசலைத் திறந்தே வைத்திருந்தது. சம்பளம் கொடுக்கும் காலத்தில் அந்த வாசல் வழியாக வெளியேறுவது ஆட்கள் மட்டுமல்ல, கடன் கொடுத்தவனின் நம்பிக்கையும்தான்.

2005இல் தேசியச் சங்கம் மூன்று பிரிவையும் குலைத்துப் போட்டது. 2006 முதல் மேலே 14 அணி கொண்ட ஏர் நியூசிலாந்து கோப்பை. கீழே 12 அணி கொண்ட ஹார்ட்லேண்ட் போட்டி. மேலே வர விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்க வேண்டும்: மக்கள்தொகை எவ்வளவு, மைதானம் எப்படி, கணக்குப் புத்தகம் எந்த நிலை, பயிற்சிக்கு என்ன ஏற்பாடு. அணிச் சம்பளத்துக்கு 20 லட்சம் நியூசிலாந்து டாலர் உச்சவரம்பு. பெரிய சங்கங்களைக் கட்டுப்படுத்தப் போட்ட வரம்பு அது. மார்ல்பரோ அளவு சங்கத்துக்கு அந்தத் தொகையே எட்டாத உயரம். முதல் பிரிவில் ஏற்கனவே இருந்த பத்து அணிகளோடு நான்கு இடம் காலி.

2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மார்ல்பரோ, நெல்சன், டாஸ்மன் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் முறையே சுமார் 43, 43, 45 ஆயிரம் பேர். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஹார்ட்லேண்டுக்குத்தான் லாயக்கு. கூட்டினால் 1.3 லட்சம், மேலே ஏறப் போதும். அந்தக் கூட்டல் கணக்கே இணைப்பின் முழுத் தத்துவமும். ஹாக்ஸ் பே, மனவட்டு, கவுன்டீஸ் மனுகாவ் மூன்றோடு டாஸ்மனுக்கு இடம் கிடைத்தது. நாட்டின் 27 மாகாணச் சங்கங்கள் 26 ஆயின.

பெயர் வைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. நெல்சன்-மார்ல்பரோ என்று வைத்தால் எது முன்னால் என்ற சண்டை. 1861இல் தலைநகருக்கு நடந்தது போல. டாஸ்மன் என்பது 1642இல் அந்தக் கரையில் நங்கூரம் போட்டு, உள்ளூர் மாவோரிகளிடம் நான்கு மாலுமிகளை இழந்து, கால் வைக்காமலே போன டச்சுக் கப்பல் தலைவரின் பெயர். அங்கே இறங்காதவர் பெயர் என்பதால் யாருக்கும் பாதகமில்லை. அணிக்கு மாகோ என்று சுறாவின் பெயர். ஜெர்சியில் நெல்சனின் நீலமும் மார்ல்பரோவின் சிவப்பும். ஆட்டங்கள் நெல்சன் ட்ரஃபால்கர் பார்க்கிலும் பிளெனிம் லான்ஸ்டவுன் பார்க்கிலும் மாறி மாறி. எழுதாத ஒப்பந்தம் போல, எதிலும் பாதிப் பாதி.

இவ்வளவு விட்டுக்கொடுத்து உள்ளே வந்தவர்களை 2008இல் தேசியச் சங்கம் வெளியே போகச் சொன்னது. நிதி நிலைமை சரியில்லை, டாஸ்மனும் நார்த்லேண்டும் அடுத்த ஆண்டு கீழே என்று அறிவிப்பு. ஊர் கொதித்தது, சில வாரங்களில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மேலே இருக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த சங்கத்துக்கு இரண்டே ஆண்டில் அந்த இடம் போயிருந்தால், பழைய சங்கங்களை யார் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்? இந்த இணைப்பில் அவர்கள் கட்டிய பணயம் எவ்வளவு என்பது அந்தச் சில வாரங்களில்தான் வெளியே தெரிந்தது.

அதன்பின் நடந்தது வெற்றிக் கதை. 2013இல், அதற்குள் இரண்டாகப் பிரிந்திருந்த மேல்மட்டப் போட்டியின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பை வென்று மேலடுக்கு ஏறினார்கள்; அடுத்த ஆண்டே இறுதி ஆட்டம் வரை போய் டாரனாகியிடம் தோற்றார்கள். 2019இல் ஒரு ஆட்டமும் தோற்காமல், வெலிங்டனை 31-14 என்று வென்று நாட்டின் முதலிட மாகாண அணியானார்கள். 2020இல் ஆக்லாந்தை அதன் சொந்த மைதானத்தில் 13-12 என்று மறுபடியும். மார்ல்பரோ தனியாகவும் நெல்சன் தனியாகவும் இதைச் செய்திருக்க வாய்ப்பே இல்லை. இணைப்பை ஆதரித்தவர்கள் இதைச் சொல்லும்போது எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் கோடு முழுதாக அழியவும் இல்லை. டாஸ்மனுக்குக் கீழே நெல்சன் பேஸ், மார்ல்பரோ இரண்டும் துணைச் சங்கங்களாக இருக்கின்றன. செடன் கேடயத்துக்கு இன்றும் நான்கு பேர் போட்டி போடுகிறார்கள். டாஸ்மன் என்ற பெயர் அதில் கிடையாது. சிவப்பு ஜெர்சி ஒரு பக்கம், நீலம் மறுபக்கம், சம்பளம் யாருக்கும் இல்லை. மாகாணம் பிறந்த நாள் விடுமுறையும் ஒன்றாகவில்லை. நெல்சன்காரர்கள் பிப்ரவரியை ஒட்டி விடுமுறை எடுப்பார்கள், மார்ல்பரோக்காரர்கள் நவம்பரை ஒட்டி, 1859ஐ நினைத்து.

2024 செப்டம்பரில் டாஸ்மன் ஹாக்ஸ் பேயை ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்று ரான்ஃபர்லி கேடயத்தை முதல் முறையாக எடுத்தது. மரக்கட்டை கடைசியாக அந்தப் பகுதியை விட்டுப் போனது 1974இல். ஐம்பது ஆண்டு. அடுத்த ஆட்டத்திலேயே டாரனாகி வந்து பறித்துக்கொண்டு போய்விட்டது. கேடயத்தின் பதிவேட்டில் டாஸ்மனுக்கு ஒரு தனி வரி சேர்ந்தது: வென்றது ஒரு முறை, காத்தது சுழி. மார்ல்பரோவின் வரி அதற்குத் தரப்படவில்லை. அது தன் இடத்திலேயே இருக்கிறது: வென்றது ஒரு முறை, காத்தது ஆறு.